லினக்ஸுக்கு ஏற்ற மடிக்கணினி



பிள்ளை மேற்படிப்புக்குப் போகிறது என்றால், புத்தகப் பைக்கு அடுத்தபடியாக இன்று வாங்க வேண்டிய பொருள் மடிக்கணினி. தோட்டத்தில் உழைக்கும் குடும்பத்திற்கு இது சிறு செலவன்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. நாலைந்து ஆண்டுகள் தாக்குப் பிடிக்கக்கூடிய புதிய மடிக்கணினி ஒன்றின் விலை பெரும்பாலும் அதற்கும் மேலேதான் இருக்கிறது. அரிசி, பருப்பு, மின்கட்டணம் எல்லாம் போக மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருள் வேலை செய்யாமல் நின்றுவிட்டால், இன்னொன்று வாங்க வழியேது?

எங்கள் உறவினர் ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அவருடைய மகளுக்குப் பொலிடெக்னிக்கில் கணினித் துறையில் இடம் கிடைத்தது. வகுப்பில் லினக்ஸ் சொல்லிக் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும், தீபாவளிக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தையும் சேர்த்துப் பட்டணத்துக் கடையில் ஒரு புதிய மடிக்கணினி வாங்கினார். மகள் அன்றிரவே லினக்ஸை ஏற்றினாள். திரை வந்தது, ஒலி வந்தது, ஆனால் வைஃபை மட்டும் வரவில்லை. மறுநாள் கடைக்கு எடுத்துச் சென்றார்கள். "விண்டோஸில் நன்றாகத்தானே வேலை செய்தது? நாங்கள் விண்டோஸுக்குத்தான் பொறுப்பு" என்றார் கடைக்காரர். "புதுச் சாமான், மச்சான். காசையும் கொடுத்துவிட்டு இப்படி முழிக்கிறோமே!" என்று எங்களிடம் வந்து உட்கார்ந்தார் அவர்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மடிக்கணினியிலும் பழுது இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கியதுதான் அங்கே நடந்த பிழை. அந்தக் கேள்வி யாது, அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இன்றைய உரையில் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், லினக்ஸ் என்றால் என்ன? கணினிக்குள் திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி, சேமிப்பகம், வைஃபை என்று பல உறுப்புகள் இருக்கின்றன. அவற்றிற்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்க ஒரு தலைமை வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு, "நீ இந்த நிரை, நீ அந்த நிரை" என்று ஆள் பிரித்து அனுப்புகிறாரே, அதைப் போன்ற தலைமை. அதற்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னோர் இயங்குதளம்.

1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸின் கெர்னலை, அதாவது அதன் மூலக் கருவை, எழுதத் தொடங்கினார். பின்னர் உலகெங்கும் உள்ளவர்கள் அதை வளர்த்தார்கள். நம் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகூட லினக்ஸ் கெர்னலின் மீதுதான் ஓடுகிறது. ஆகவே லினக்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

லினக்ஸைப் பல குழுவினர் பல பெயர்களில் தொகுத்து வழங்குகிறார்கள். உபுண்டு, பெடோரா, லினக்ஸ் மிண்ட் என்பவை அவற்றுள் சில. இவற்றை இலவசமாகப் பெறலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருளும் இலவசமே. தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் கிடைக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் இன்றும் ஓடுகிறது. ஆகையால், லினக்ஸுக்கு ஒத்துப்போகும் ஒரு மடிக்கணினியை வாங்கினால், அது மூத்த பிள்ளைக்குப் பிறகு இளைய பிள்ளைக்கும் உதவும்.

அப்படியானால் உறவினர் வீட்டில் ஏன் வைஃபை வரவில்லை? கங்காணி பேசும் மொழி ஆளுக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் அல்லவா? கணினியில் அந்த வேலையைச் செய்யும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் என்றதும் குலை ஏற்றும் லோரி ஓட்டுநரை நினைத்துவிட வேண்டாம். இவர் உறுப்புக்கும் இயங்குதளத்திற்கும் இடையில் நின்று பேசுகிறவர். உறுப்பைத் தயாரிக்கும் நிறுவனங்கள் விண்டோஸுக்கு டிரைவரை எழுதித்தான் விற்பனைக்கு அனுப்புகின்றன. லினக்ஸுக்கு எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. சிலர் உடனே கொடுக்கிறார்கள். சிலர் தாமதமாகக் கொடுக்கிறார்கள். சிலர் கொடுப்பதே இல்லை.

ஆகவே, "இந்த மடிக்கணினி நல்லதா?" என்பது நம்முடைய கேள்வியன்று. "இதன் உறுப்புகளை லினக்ஸ் ஏற்கெனவே அறியுமா?" என்பதே கேள்வி.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். புதிய மடிக்கணினி என்பது வேறு. புத்தம் புதிய ரகம் என்பது வேறு. லினக்ஸ் கெர்னல் ஏறத்தாழ 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. புதிய உறுப்புகளுக்கான டிரைவர்கள் அவற்றில்தான் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. சென்ற மாதம் சந்தைக்கு வந்த ரகத்தில் லினக்ஸ் இன்னும் அறியாத உறுப்பு இருக்கக்கூடும். சந்தைக்கு வந்து ஓராண்டு ஆன ரகத்தைப் பெட்டி பிரிக்காமல் புதிதாக வாங்கினால், பெரும்பாலான சிக்கல்கள் அதற்குள் தீர்ந்திருக்கும். விலையும் சற்று இறங்கியிருக்கும்.

இனி, கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. பிள்ளை படிக்கப் போகும் கல்லூரியில் விசாரியுங்கள். சில பாடங்களுக்கு விண்டோஸில் மட்டுமே ஓடும் வரைகலை மென்பொருளோ தேர்வு மென்பொருளோ தேவைப்படலாம். அப்படியிருந்தால் விண்டோஸை அழிக்கக் கூடாது. இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். உலாவியின் வழியாக நடக்கும் பாடங்களுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

அடுத்து, உறுப்புகளைப் பார்ப்போம்.

முதலாவது, செயலி. இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரண்டு நிறுவனங்களின் செயலிகளும் லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. படம் காட்டும் வரைகலைப் பகுதி இவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும் ரகம் படிப்புக்குப் போதும். என்விடியா நிறுவனத்தின் தனி வரைகலைச் சில்லு உள்ள மடிக்கணினிகள் விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் ஏற்றவை. லினக்ஸில் அவற்றை ஓட்டலாம். ஆனால் அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியே சேர்த்துப் பராமரிக்க வேண்டிவரும். மின்கலமும் விரைவில் இறங்கக்கூடும். தேவையில்லாத சுமையை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலி கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகளும் வந்துள்ளன. அவை வேறு வகைக் கட்டமைப்பு உடையவை. லினக்ஸுக்காக முதன்முறை வாங்குகிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் சொந்தச் சில்லுகளைக் கொண்டு செய்துவரும் மடிக்கணினிகளுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாவது, வைஃபை. தொல்லை தரும் உறுப்புகளில் முதன்மையானது இதுதான். இன்டெல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.200, ஏ.எக்ஸ்.210 போன்ற வைஃபை அட்டைகள் லினக்ஸில் நெடுங்காலமாக நன்றாக வேலை செய்கின்றன. ரியல்டெக், மீடியாடெக் நிறுவனங்களின் அட்டைகளில் பலவும் வேலை செய்யும். ஆனால் அவற்றின் புதிய ரகங்கள் சிலவற்றுக்குப் புதிய கெர்னல் தேவைப்படும். பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியே தேடி ஏற்ற வேண்டும். வைஃபையே இல்லாதபோது அதை இணையத்திலிருந்து எப்படி இறக்குவது? கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்கக் கயிறும் கிணற்றுக்குள்ளேயே இருந்த கதைதான்.

இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு மடிக்கணினிகளில் வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருக்கலாம். ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காமல், அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் முழு ரக எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில், விண்டோஸின் தொடக்கப் பொத்தானை வலப்பக்கச் சொடுக்கால் திறந்து, டிவைஸ் மேனேஜர் என்பதைத் தெரிவு செய்தால் உள்ளிருக்கும் உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். வைஃபை, வரைகலை ஆகிய இரண்டின் பெயர்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பெயரையும் லினக்ஸ் என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடினால், முன்பு வாங்கியவர்களின் அனுபவம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, நினைவகமும் சேமிப்பகமும். நினைவகம் குறைந்தது 8 ஜிகாபைட் வேண்டும். 16 இருந்தால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அதைப் பின்னால் கூட்ட முடியாது. "பிறகு நினைவகம் சேர்க்க இடம் உண்டா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையாக, 256 ஜிகாபைட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு இயங்குதளங்களை வைக்க நினைத்தால் 512 வேண்டும்.

நான்காவது, கேமராவும் கைரேகை உணரியும். பெரும்பாலான மடிக்கணினிகளின் கேமரா உள்ளுக்குள் யூ.எஸ்.பி. முறையில் இணைந்திருக்கும், அது லினக்ஸில் உடனே வேலை செய்யும். ஆனால் அண்மை ஆண்டுகளில் வந்த, இன்டெல் செயலி உள்ள மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் கேமராவை வேறு முறையில் செயலியோடு நேராக இணைத்திருக்கிறார்கள். அவற்றில் கேமரா வராமல் போவதுண்டு. கைரேகை உணரிகளும் பல லினக்ஸில் வேலை செய்வதில்லை. கைரேகை இல்லாவிட்டால் கடவுச்சொல் போட்டுக்கொள்ளலாம். அது பெரிய குறையன்று. ஆனால் இணைய வகுப்பில் ஆசிரியர் முகம் காட்டச் சொல்லும்போது கேமரா இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஐந்தாவது, உறக்கம். மடிக்கணினியின் மூடியை மூடினால் அது உறங்க வேண்டும். திறந்தால் விழிக்க வேண்டும். சில ரகங்கள் லினக்ஸில் சரியாக உறங்குவதில்லை. பைக்குள் இருக்கும்போதே சூடாகி, மின்கலத்தைக் காலி செய்துவிடும். பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை, பையைத் திறந்து பார்க்கும்போது மின்கலம் காலியாக இருந்தால் அன்றைய பாடம் போயிற்று.

எந்த நிறுவனத்தின் பொருளை வாங்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். நிறுவனத்தின் பெயரைவிட வரிசையின் பெயர் முக்கியம். அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் வரிசைகள், எடுத்துக்காட்டாக லெனோவோவின் திங்க்பேட், லினக்ஸில் பெரும்பாலும் நன்றாக ஓடுகின்றன. டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே உபுண்டு ஏற்றிய எக்ஸ்.பி.எஸ். 13 மடிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லெனோவோவும் 2020 முதல் திங்க்பேட் ரகங்கள் சிலவற்றைப் பெடோரா, உபுண்டு ஏற்றி விற்கத் தொடங்கியது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த மடிக்கணினிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் குறித்து வந்த ரக எண் அதில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பட்டியலில் இல்லாத பொருள் எல்லாம் வேலை செய்யாது என்று பொருளன்று. அதை நாமே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

எப்படிச் சோதிப்பது? நேயர்களே, இன்றைய உரையில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான். லினக்ஸைக் கணினியில் ஏற்றாமலே ஓட்டிப் பார்க்க முடியும்! 8 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும். ஆகவே கல்யாணப் படங்கள் இருந்தால் முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். நண்பர் வீட்டுக் கணினியிலோ நூலகத்திலோ உபுண்டு அல்லது லினக்ஸ் மிண்ட் கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம்.

கடையில் இசைவு கேட்டு, அந்தப் பென்டிரைவைச் செருகிக் கணினியைத் திறக்க வேண்டும். தொடங்கும்போதே லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12 விசையையும், எச்.பி.யில் எஃப்9 விசையையும், அசூஸில் எஸ்கேப் விசையையும் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தெரிவு செய்யுங்கள். பிறகு ஏற்றாமல் முயன்று பார்க்கும் வழியையே தெரிவு செய்ய வேண்டும். உள்ளிருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். பென்டிரைவை எடுத்துவிட்டால் கணினி பழையபடி திறக்கும். இதைச் சொன்னால் கடைக்காரர்கள் பலர் மறுப்பதில்லை.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை வரிசையில் பெயர்கள் தெரிகின்றனவா? உங்கள் கைப்பேசியின் இணையத்தோடு இணைகிறதா? ஒலி கேட்கிறதா? ஒலிவாங்கி நம் குரலைப் பிடிக்கிறதா? கேமராவில் முகம் தெரிகிறதா? திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்கிறதா? தொடுபலகையில் இரண்டு விரலால் நகர்த்த முடிகிறதா? கணினியின் சேமிப்பகம் லினக்ஸின் கண்ணுக்குத் தெரிகிறதா? கடைசியாக மூடியை மூடி, ஐந்து பத்து நிமிடம் பொறுத்துத் திறங்கள், விழிக்கிறதா? கால் மணி, அரை மணி நேர வேலைதான். மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்கிய பரம்பரை நம்முடையது. கணினிக்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

கடையில் சோதிக்க இசையவில்லை என்றால், "லினக்ஸ் வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்?" என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். லினக்ஸ் ஏற்றினாலும் உறுப்புகளுக்கான உத்தரவாதம் தொடருமா என்பதையும் கேளுங்கள். வாய்ச்சொல் வாசலோடு போய்விடும், எழுத்துதான் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டு விண்டோஸை அழித்துவிட வேண்டாம். இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் பூட்டப்பட்டிருக்கும். அமைப்புகளை மாற்றினால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை முன்னரே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில நாட்கள் எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லினக்ஸை ஏற்றலாம்.

சரி, உறவினர் மகளின் மடிக்கணினி என்ன ஆயிற்று? அதில் இருந்தது புதிய ரக வைஃபை அட்டை. அவள் ஏற்றியிருந்த லினக்ஸ் பதிப்போ அதைவிடப் பழையது. அப்பாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிரச் செய்தோம். அந்த வழியாகப் புதிய கெர்னலை இறக்கி ஏற்றியதும் வைஃபை வந்துவிட்டது. வீட்டில் இதே நிலையில் யாரேனும் இருந்தால், பொருளை வீசி எறிவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். ஆனாலும் எல்லா அட்டைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. அவர் அன்றைக்குச் சொன்ன சொல் எங்கள் மனத்தில் நிற்கிறது: "கத்தி வாங்கினால் விரலால் பதம் பார்க்காமல் வாங்க மாட்டேன். இதை மட்டும் பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டேன்."

ஆகவே, நேயர்களே, கல்லூரியில் விசாரியுங்கள். ரக எண்ணையும் வைஃபை அட்டையின் பெயரையும் குறியுங்கள். பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள். சொன்னதை எழுதி வாங்குங்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆங்கிலமும் மலாயும் சரளமாக வராவிட்டாலும் தயங்க வேண்டாம். பிள்ளையை அழைத்துச் சென்று கேட்கச் சொல்லுங்கள். பணம் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே.